ஊட்டிக் குளிரில் டேப்லெட்டுக்கு ஸ்க்ரீன் கார்டை வீட்டிலேயே ஒட்டலாமா?

ஒட்டலாம். ஆனால் ஒட்ட உட்காரும் முன் ஸ்வெட்டரைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மகனின் படிப்புக்கு வாங்கிய டேப்பில் இரண்டு முறை ஃபிலிம் ஒட்டியும் குமிழி வந்துவிட்டது, ஓரம் தூக்கிக்கொண்டது, குளிர்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி குளிர், பாதி கம்பளி. நான் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கிறேன், மூன்று கார்டுகளை வீணாக்கித்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதல் கார்டை ஒட்டியது டிசம்பர் மாத ராத்திரி. ஸ்வெட்டர், மப்ளர், குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு டியூப்லைட் அடியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்து ஒட்டி முடித்தேன். தூக்கிப் பார்த்தால் நட்டநடுவில் ஒரு மெரூன் நிற இழை, என் மப்ளருடையதேதான், அதைச் சுற்றிக் கூடாரம் அடித்தது போல் காற்று. வெறும் காற்றுக் குமிழி என்றால் அட்டையால் ஓரத்துக்குத் தள்ளினால் போய்விடும். நடுவில் புள்ளியோ இழையோ தெரிந்தால் என்ன தேய்த்தாலும் போகாது. செல்லோ டேப் துண்டு ஒன்றை ஃபிலிமின் மூலையில் ஒட்டி மெதுவாகத் தூக்கி, இன்னொரு துண்டால் பசைப் பக்கத்தைத் தொட்டுத் தொட்டு அந்தத் தூசியை எடுக்க வேண்டும். விரல் படவே கூடாது, ரேகை அப்படியே பதிந்துவிடும்.

இரண்டாவது முறை வீடியோ பார்த்துப் புத்திசாலி ஆகியிருந்தேன். பாத்ரூமில் வெந்நீர் திறந்துவிட்டால் ஆவியில் தூசி அடங்கிவிடும், அங்கே வைத்து ஒட்டு என்றார்கள். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அது சரியாக வரலாம். இங்கே டேப்லெட் ராத்திரி முழுக்க மேசையில் கிடந்து சில்லிட்டிருந்தது. உள்ளே கொண்டுபோன மறு நிமிடமே திரை முழுக்க வியர்த்துவிட்டது. கண்ணாடி போட்டவர்கள் டீக்கடைக்குள் நுழைந்ததும் நடக்கிறதே, அதே சங்கதி. துடைத்துத் துடைத்து ஒட்டினேன், ஈரம் அடியில் மாட்டிக்கொண்டு ஓரம் பிடிக்கவே இல்லை. மூன்றாவதைக் கடையில் கொடுத்து ஒட்டினேன், பஸ் போகிற ரோட்டைப் பார்த்த மேசை, மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

குளிர் என்ன செய்கிறது என்றால், அந்தப் பசை அழுத்தத்தில் ஒட்டுகிற வகை, கொஞ்சம் இளகினால்தான் கண்ணாடியில் படிந்து பரவும். இங்கே ஜனவரிக் காலையில் அது விறைத்துப்போய்க் கிடக்கும், எவ்வளவு அழுத்தினாலும் ஓரம் மறுபடி எழும்பும். அதனால் இப்போது நான் மத்தியானம் வெயில் விழுகிற ஜன்னலோரம்தான் உட்காருவேன். அதற்கு முன் டேப்பில் கால் மணி நேரம் வீடியோ ஓட விட்டு அணைத்துவிட்டால் திரை வெதுவெதுப்பாக இருக்கும், அணைத்த கறுப்புத் திரையில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் தூசியும் பளிச்சென்று தெரியும். ஃபிலிம் பாக்கெட்டை அதுவரை சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், உடம்புச் சூடே போதும். பருத்திச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்ட கை, அவ்வளவுதான்.

அப்புறம் கிளாஸா ஃபிலிமா என்பது. டேப்பைக் கீழே போடுகிற வீடு என்றால் டெம்பர் கிளாஸ்தான், அடி விழுந்தால் முதலில் அது உடையும். அட்டையில் 9எச் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அது பென்சில் கணக்கு; மிகக் கடினமான 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்பதோடு சரி. மண்ணில் கிடக்கும் குவார்ட்ஸ் துகள் கண்ணாடியை விடக் கடினம். கேரட் தோட்டத்துக்குப் போட்டுப் போகிற சட்டைப் பையில் என் போனைப் போட்டு எடுத்தே கோடு கோடாக வாங்கியிருக்கிறேன், சாவி மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், மண்தான் காரணம். டிபியூ என்கிற, ரப்பர் போல் வளையும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமில் சின்னக் கீறல் தானாகவே மறையும், ஆனால் அடியைத் தாங்காது.

டிபியூவில் சிலவற்றைச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டச் சொல்வார்கள். ஷாம்பு ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், தண்ணீரை ஃபிலிமில் மட்டும் தெளியுங்கள், டேப் அணைந்தே இருக்கட்டும், ஸ்பீக்கர், சார்ஜர் ஓட்டை பக்கம் ஈரம் போகக் கூடாது. கிளாஸுக்கு இந்த வேலை ஆகாது. ஒட்டியதும் மங்கலாக, பொடிக் குமிழிகளோடு தெரியும், பயப்படாதீர்கள், ஈரம் வெளியேற வெளியேறத் தெளியும். பாக்கெட்டில் ஒரு நாள் என்று போட்டிருந்தாலும் ஜூலை மழையில் என் வீட்டில் மூன்று நாள் பிடித்தது. இதை மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால் என் மகள் இரண்டாம் நாளே, "அப்பா, இன்னும் குமிழி இருக்கு பாருங்க" என்று நகத்தால் தள்ளிப் பார்த்தாள், நான்காவது கார்டும் போயிற்று.