வண்ணத்தாளா, ஒரு நிமிட வாசிப்பா?

கேள்வி: அரசுப் பள்ளிகளுக்குச் சென்றுவரும் சிறப்பாசிரியை நான். நான்காம் வகுப்பில் டிஸ்லெக்சியா (வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) உள்ள ஒரு பையன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். "இவன் பார்த்துக் கற்கும் வகை, எல்லாவற்றையும் படமாகவே நடத்துங்கள்" என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். ஒளி ஊடுருவும் வண்ணத்தாளைப் பக்கத்தின் மேல் வைத்தால் வாசிப்பு வந்துவிடும் என்று பையனின் அப்பாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டுமே ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டதாம். எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்ப வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-ல் கூட்டறிக்கையே விட்டார்கள்: டிஸ்லெக்சியா கண்ணால் வருவதல்ல, வண்ணத்தாள், வண்ணக் கண்ணாடி சிகிச்சைகளுக்கு ஆதாரமும் இல்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து நடத்துவதற்கும் 2008-ல் உளவியலாளர்கள் தேடிப் பார்த்தபோது போதிய சான்று கிடைக்கவில்லை. படம் காட்டுங்கள், தப்பில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை வரிசையாக, நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. ஆனால் அது உங்கள் பையனுக்குப் பலிக்கிறதா என்று எந்தக் கட்டுரையும் சொல்லாது. அதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வாளர் ஸ்டான்லி டெனோ எளிய வழி ஒன்று வைத்திருந்தார். வாரம் இருமுறை, ஒரே தரத்தில் புதிய பத்தி, ஒரு நிமிட வாசிப்பு. சரியாக வாசித்த சொற்களை எண்ணி வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். இன்றைய நிலையிலிருந்து எட்ட வேண்டிய அளவு வரை முன்கூட்டியே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் நடத்தும் முறையை மாற்றுங்கள். 1986-ல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மதிப்பெண்ணைக் குறித்து மட்டும் வைத்த ஆசிரியர்களைவிட வரைபடம் போட்டவர்களின் மாணவர்கள் நன்றாக முன்னேறியிருந்தார்கள்.

ஒரு சிக்கல். அவர்கள் எண்ணியது ஆங்கிலச் சொற்களை. நம்முடைய 'வந்துகொண்டிருந்தார்கள்' ஒரே சொல், பன்னிரண்டு எழுத்து! எனவே எழுத்துகளை எண்ணுங்கள் என்பேன். எங்கே தடுக்கி விழுகிறான் என்பதையும் குறியுங்கள்: கெ–கே குழப்பமா, ல–ள–ழவா, மெய்யெழுத்தை விழுங்குகிறானா? மறுநாள் பாடம் அதிலேயே கிடைத்துவிடும்.

அப்பாவோடு வாதாட வேண்டாம். நான்கைந்து நாள், தாள் வைத்து ஒரு நிமிடம், வைக்காமல் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எண்ணுவது அவராகவே இருக்கட்டும்.