அதே டியாகோ இவி, மூன்று விலை: லாபம் எதில்?

(2025 இறுதியில் வந்த கேள்வி. விலை, வரி, கட்டணம் எல்லாம் அப்போது இருந்தவை.)

கேள்வி: துடியலூரில் சொந்த வீடு, மலுமிச்சம்பட்டியில் வேலை. போக வர தினமும் 46 கிலோமீட்டர். மற்ற அலைச்சலையும் சேர்த்தால் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன், செலவு வைக்க ஆரம்பித்துவிட்டது. கையில் வரும் சம்பளம் 82,000, வீட்டுக்கடன் இஎம்ஐ 19,000. எஃப்டியில் 6 லட்சம் இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு. டாடாவின் மின்சார கார் டியாகோ இவி எடுக்கலாம் என்று ஷோரூம் போனேன். டாப் மாடலையே எடுங்கள், டிசம்பர் 31க்குள் எடுத்தால்தான் சாலை வரி கிடையாது, வட்டிக்கு வருமான வரி விலக்கும் உண்டு என்கிறார்கள். கிளட்ச் இல்லாத பெட்ரோல் கார் (ஏஎம்டி) ஒன்று ஆன்-ரோடு 8.2 லட்சத்துக்கு வருகிறது. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மதுரை போக வேண்டும். எது சரி? பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா? கொட்டேஷன்களை இணைத்திருக்கிறேன். வீட்டில் போர்ட்டிகோ இருக்கிறது, மின் பில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வருகிறது. எம்ஜி காமெட் என்ற சின்ன மின்சார காரை பேட்டரி வாடகைத் திட்டத்தில் எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: கொட்டேஷன்களை அனுப்பிவைத்தது நல்லதாகப் போயிற்று. டியாகோ இவி உங்களுக்கு ஒத்துவரும். ஆனால் அவர்கள் தள்ளிவிடப் பார்க்கிற டாப் மாடல் வேண்டாம்.

முதலில் அந்த வட்டி விலக்கை முடித்துவிடுகிறேன். 80இஇபி என்று ஒரு பிரிவு இருந்தது, மின்வாகனக் கடன் வட்டியில் வருஷம் ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்குத்தான் அது. இன்றைக்கு வாங்கும் கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இன்னும் அதைச் சொல்லி விற்கிறார்கள் என்றால், அவர்கள் காட்டும் மற்ற கணக்குகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சாலை வரி விஷயம் மட்டும் நிஜம். தமிழ்நாட்டில் பேட்டரி வாகனங்களுக்கான நூறு சதவீத வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை. முன்பு 2022 இறுதி வரை என்று இருந்ததைத்தான் இப்படி நீட்டித்தார்கள், மறுபடியும் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இங்கே எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு: நீங்கள் அட்வான்ஸ் கட்டிய தேதி கணக்கில் வராது, ஆர்டிஓவில் வண்டி பதிவாகும் தேதிதான் கணக்கு. "டிசம்பர் 31க்குள் பதிவு ஆகாவிட்டால் வரியை டீலரே ஏற்பார், இல்லையென்றால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும்" என்று புக்கிங் படிவத்திலேயே எழுதி சீல் வைத்து வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த அவசரம் அவர்களுடைய மாதக் கணக்கு முடிக்கிற அவசரம், உங்களுடையது அல்ல.

இப்போது கார். நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஷோரூம் விலை இப்படி இருக்கிறது: சின்ன பேட்டரியில் எக்ஸ்இ 7.99 லட்சம், எக்ஸ்டி 8.99 லட்சம், பெரிய பேட்டரியில் எக்ஸ்டி 10.14 லட்சம், எல்லாம் சேர்ந்த டாப் மாடல் 11.14 லட்சம். சின்ன பேட்டரி 19.2 யூனிட் மின்சாரம் பிடிக்கும், பெரியது 24 யூனிட். காகிதத்தில் 223 கிலோமீட்டர், 293 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அது பரிசோதனைக் கூடத்து எண். ஏசி போட்டுக்கொண்டு, காந்திபுரம் சிக்னலில் நின்று நின்று ஓட்டினால் சின்னதில் 140, பெரியதில் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் சந்தோஷம்.

உங்களுக்குத் தேவை தினமும் 46. சின்ன பேட்டரியே ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் போட்டால் போதும். எட்டு வருஷம் கழித்து பேட்டரியின் தெம்பு 80 சதவீதத்துக்கு இறங்கினாலும் 110 கிலோமீட்டர் ஓடும், அப்போதும் ஆபீஸ் போய் வந்து மிச்சமிருக்கும். ஆக எக்ஸ்டியிலேயே சின்னதிலிருந்து பெரிய பேட்டரிக்குத் தாவ நீங்கள் கொடுக்கும் 1.15 லட்சம், நிஜத்தில் ஒரு 40 கிலோமீட்டருக்கான விலை. அந்த 40 கிலோமீட்டரை வருஷத்தில் எத்தனை நாள் பயன்படுத்துவீர்கள்? மதுரை போகிற அன்றைக்குத்தான்.

அந்த மதுரை 215 கிலோமீட்டர் சொச்சம். பெரிய பேட்டரி வாங்கினாலும் ஒரே மூச்சில் போக முடியாது, வழியில் ஒரு நிறுத்தம் வேண்டும். சின்னதிலும் ஒரு நிறுத்தம்தான், பழனி பக்கம் நிறுத்தி ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுவிட்டு வரலாம். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போனால் மீதியும் சமாளிக்கும். ஜியான், டாடா பவர் ஆகிய சார்ஜிங் நிறுவனங்களின் ஆப்களில் எந்த சார்ஜர் வேலை செய்கிறது என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று பழுதாக இருந்தால் அடுத்தது எங்கே என்பதையும் சேர்த்து.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். ஷோரூமில் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று சொல்லியிருப்பார்கள். கிட்டத்தட்ட உண்மைதான், ஆனால் அது உங்கள் வீட்டு மின் பில்லைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு இரண்டேகால் ரூபாய்ச் சொச்சம், அப்படிப் போய் பில் 1,100 ரூபாய் சுமாருக்கு முடியும். கார் வந்தால் என்ன ஆகும்? சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 7 முதல் 7.5 கிலோமீட்டர் ஓடும். இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டருக்கு 330 யூனிட். மொத்தம் 710. 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு அந்த இரண்டேகால் ரூபாய்ப் படி கிடையாது, இலவச நூறுக்கு அப்புறம் நேராக 4.80தான், 400க்கு மேல் 6.45. 500க்கு மேல் 8.55, 600க்கு மேல் 9.65. பில் நாலாயிரத்தைத் தொடும். அதாவது காருக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 2,900 ரூபாய், யூனிட்டுக்கு ஏறக்குறைய 9 ரூபாய். கிலோமீட்டருக்கு 1.20.

இதையே கோடைக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல்-மேயில் ஏசி ஓடி வீட்டுக்கே 600 யூனிட் ஆகிவிட்டால், கார் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் பத்து ரூபாய் பக்கம் போகும். அப்போதும் பெட்ரோலை விடக் குறைவுதான். லிட்டர் 101 ரூபாய் சொச்சம், டவுனில் 16 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 6.30. வித்தியாசம் 5.10. வருஷம் 14,400 கிலோமீட்டருக்கு 73,000 ரூபாய் மிச்சம். வீட்டில் சார்ஜ் போட இடமில்லாமல் பொது சார்ஜரையே நம்பியிருப்பவருக்கு இது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஏனென்றால் அங்கே ஜிஎஸ்டியோடு யூனிட் 20 ரூபாய்க்கு மேல். உங்களுக்குச் சொந்த வீடு, போர்ட்டிகோ இருக்கிறது, அந்தப் பிரச்சினை இல்லை.

ஐந்து வருஷம் வைத்து விற்பதாக எடுத்துக்கொள்கிறேன். எரிபொருளில் மிச்சம் 3.65 லட்சம், இஞ்சின் ஆயில் போன்ற சர்வீஸ் செலவில் ஒரு 20,000. எதிர்ப்பக்கம்: பெட்ரோல் காரைவிட எவ்வளவு அதிகம் கொடுக்கிறீர்கள், அதற்கான வட்டி, அப்புறம் மறுவிற்பனை. பழைய இவி வாங்க வருகிறவர் முதலில் பேட்டரியைத்தான் கேட்பார், பெட்ரோல் கார் அளவுக்கு விலை நிற்காது. அதற்கு நான் எப்போதும் ஒரு லட்சம் நஷ்டம் போட்டுத்தான் பார்ப்பேன்.

சின்ன பேட்டரி எக்ஸ்டி ஆன்-ரோடு 9.45 லட்சம். பெட்ரோலைவிட 1.25 லட்சம் அதிகம். எல்லாம் கழித்து ஐந்து வருஷத்தில் உங்கள் கையில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். பெரிய பேட்டரி எக்ஸ்டி 10.75 லட்சம், கணக்கு ஏறக்குறைய சமமாகி, சின்னதாகக் கைநஷ்டத்தில் முடிகிறது. டாப் மாடலில் ஒன்றரை லட்சம் நஷ்டம். அதே கார், அதே மோட்டார் குடும்பம், அதே 240 லிட்டர் டிக்கி. பேட்டரி ஒருபுறம் இருக்கட்டும், பெரிய பேட்டரி எக்ஸ்டியிலிருந்து டாப்புக்குப் போக நீங்கள் கொடுக்கும் ஒரு லட்சம், தானே எரியும் ஹெட்லேம்ப், மழை சென்சார் வைப்பர், க்ரூஸ் கண்ட்ரோல் மாதிரியான சமாச்சாரங்களுக்கு. அவிநாசி ரோட்டில் க்ரூஸ் கண்ட்ரோல் போட்டு ஓட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று, ஷோரூம் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கிற வருமான வரி, பிடிப்பார்கள். 10.14 லட்சத்துக்கு 10,140 ரூபாய். அது வரி ரிட்டர்னில் திரும்ப வரும், போய்விடாது, ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும். வரி விலக்கு முடிந்துபோய் நீட்டிக்கப்படாவிட்டால் அந்த 10 லட்சக் கோடு இன்னும் பலமாக அடிக்கும். அதற்குக் கீழே 13 சதவீதம், மேலே 18 சதவீதம் சாலை வரி. 8.99க்கு 1.17 லட்சம், 10.14க்கு 1.83 லட்சம். அப்படி ஆனால் சின்ன பேட்டரியில்கூட லாபம் கரைந்துவிடும், நீங்கள் பெட்ரோலுக்கே போய்விடலாம்.

வசதிகளில் நான் கவலைப்படுகிற ஒன்றை அவர்கள் பேசவே மாட்டார்கள்: ஏர்பேக். டியாகோ இவியில் இரண்டுதான். அதே கம்பெனியின் பஞ்ச் இவி 25 யூனிட் பேட்டரியோடு அடிப்படை மாடல் 9.99 லட்சம். அதில் ஆறு ஏர்பேக், 2024இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். ஆகவே டியாகோவின் பெரிய பேட்டரிக்கு 10.14 கொடுக்கத் தயார் என்றால், அந்தப் பணத்தை பஞ்ச் இவியில் போடுங்கள். ரூபாய் கணக்கில் அதுவும் லாபமில்லை, பாதுகாப்புக்குக் கொடுத்தது என்று எழுதிக்கொள்ளலாம், வீட்டம்மாவும் மகளும் உட்காரப்போகிற வண்டி. எம்ஜி காமெட்டை பேட்டரி வாடகைத் திட்டத்தில் யோசிக்கிறேன் என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, 2024இல் அந்தத் திட்டம் வந்தபோது பேட்டரி இல்லாமல் 4.99 லட்சம் விலை, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 2.50 வாடகை. உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 3,000 ரூபாய் வாடகை மட்டும், மின்சாரம் தனி. இரண்டே கதவு, வழியில் போடுகிற டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் கிடையாது, மதுரை போகிறவருக்கு அது ஆகாது.

கடன். எஃப்டி முழுவதையும் உடைக்காதீர்கள். மகளுக்கு இரண்டு வருஷத்தில் கல்லூரி, அட்மிஷன் நேரத்தில் யாரும் தவணை தர மாட்டார்கள். 4.45 லட்சம் கையிலிருந்து போட்டு 5 லட்சம் கடன், நான்கு வருஷம், 9 சதவீதத்தில் மாதம் 12,440. வீட்டுக்கடனோடு சேர்த்து 31,440, சம்பளத்தில் 38 சதவீதம். 40ஐத் தாண்டவில்லை, போதும். பெட்ரோலில் மிச்சமாகும் மாதம் 6,000 ரூபாயை அப்படியே ஒரு ஆர்டியில் போடுங்கள், இல்லாவிட்டால் அது எங்கே போனது என்றே தெரியாது. ஏழு வருஷக் கடன் கொடுக்க வருவார்கள். பேட்டரி வாரண்டி எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். வாரண்டி முடியப்போகிற வண்டிக்கு இன்னமும் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வாரண்டிப் புத்தகத்தில், பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைக் கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள்.

இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி பகுதிக்கு மின்வாகனத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. வண்டி விலை அதிகம் என்பதால் மற்ற பகுதி அதை விழுங்கிவிடும். பேட்டரிக்குத் தண்ணீர் புகுந்த சேதம் சேருமா என்று கேட்டு, அந்த ஆட்-ஆனைக் கண்டிப்பாகப் போடுங்கள். மழை பெய்தால் லங்கா கார்னரும் கிக்கானி பள்ளிச் சுரங்கப்பாதையும் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உதிரி டயர் தருகிறார்களா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்பதையும் கேளுங்கள்.

வீட்டில் 15 ஆம்பியர் பிளக் போதும், இரவு முழுக்கப் போட்டால் காலையில் நிரம்பியிருக்கும். ஆனால் பழைய கீசர் பிளக்கில் சொருகிவிட வேண்டாம். மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே விழுகிற சுவிட்ச்), சரியான எர்த். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தால் சில ஆயிரத்தில் முடியும். ஏசி ஓடும் ஃபேஸில் காரையும் சேர்க்காதீர்கள். சோலார் இப்போதே வேண்டாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 மானியம் தருகிறது, 500 யூனிட்டுக்கு மேல் போகிற வீட்டுக்கு அது நல்ல கணக்குதான். ஒரு வருஷம் கார் ஓட்டி ஆறு பில் கையில் வந்த பிறகு எழுதுங்கள், பார்க்கலாம்.

பழைய காருக்கு எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு சொன்னாலும் வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம். ஆர்சி 2028 வரை இருக்கிறது, சின்ன இஞ்சினுக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் ஜிஎஸ்டிக்கு முன் 2,100 ரூபாய்க்குள். மதுரைக்கு முதல் இரண்டு தடவை அதிலேயே போய் வாருங்கள், வழியில் எந்த சார்ஜரில் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே.