லிட்டில் லீக் வேர்ல்டு சீரிஸ் என்ற சிறுவர் பேஸ்பால் போட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் ஆட முடியுமா?

பார்த்திருக்கிறேன். 2023லிருந்து ஒரு வருடமும் விடவில்லை. ஆனால் அந்தப் பெயர் எனக்கு முதலில் தெரியவந்தது ஒரு எலும்பு டாக்டரின் சீட்டிலிருந்து.

அக்கா மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரத்திலிருந்து அவன் எறிகிற பந்து நேராக ஸ்டம்புக்கு வரும். அதைப் பார்த்த ஒரு பயிற்சியாளர், "இது மாங்கா அடிக்கிற கை, பேஸ்பாலுக்கு வாடா" என்று கூட்டிக்கொண்டு போய் பிட்சர், அதாவது பந்து எறிகிறவன், ஆக்கிவிட்டார். வீட்டில் யாருக்கும் ஆட்டம் தெரியாது. பேஸ்பாலுக்கும் சாஃப்ட்பாலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அக்கா இன்றைக்கும் "ஒண்ணு மெத்துன்னு இருக்கும்" என்பாள். இருக்காது. இரண்டுமே நெற்றியில் பட்டால் தையல்தான்.

ஒரு செலக்‌ஷன் நாள். காலையில் பிட்சராக இரண்டு ஆட்டம் முழுக்க அவனே எறிந்தான். மதியம், நம் விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் உட்காருகிற கேட்சர் பையன் வரவில்லை என்று, அதே கையோடு இவனைக் கேட்சராகவும் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் நான்தான் வண்டியில் கூட்டிவந்தேன். வழியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். பையன் இடது கையால் எடுத்துத் தின்கிறான்.

"ஏன்டா மாப்ள, பீச்சாங்கையில திங்கிற?"

"அந்தக் கை வரல மாமா."

முழங்கையை மடக்கினால் பாதியில் நின்றது. அம்மா எண்ணெய் போட்டு நீவினார். அடுத்த நாள் சுளுக்கு எடுப்பவரிடம் போனோம். நாலாம் நாள்தான் டாக்டர். முழங்கையின் உள்பக்க எலும்பை ஒரு விரலால் அழுத்தினார், பையன் துள்ளிவிட்டான். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சி நடக்கிற இடம் இன்னும் குருத்தாக இருக்குமாம். ஒவ்வொரு எறிக்கும் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். நூறு தடவை இழுத்தால் புண்ணாகத்தான் செய்யும் என்றார். ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது. சீட்டில் 'லிட்டில் லீக் எல்போ' என்று எழுதியிருந்தது.

ஏதோ மருந்துக் கம்பெனி பெயர் என்று நினைத்து டீக்கடையில் நின்றபடி போனில் தேடினேன். வந்து விழுந்தது பேஸ்பால் போட்டி. பிள்ளைகளுக்கு வருகிற ஒரு வலிக்கே பெயராகிற அளவுக்கு அமெரிக்காவில் அது அவ்வளவு பெரிய விஷயம்.

பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் 1939ல் தெருப் பிள்ளைகளுக்காக மூன்றே அணிகளோடு ஆரம்பித்ததுதான் லிட்டில் லீக். பெரியவர்களின் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிடாமல், மைதானத்தையே அவர்கள் அளவுக்குச் சுருக்கினார். ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடம்தான் பேஸ். ஒரு பேஸிலிருந்து இன்னொரு பேஸ் 60 அடி, பெரியவர்களுக்கு 90. பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டருக்கு 46 அடி. நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை நினைத்துக்கொண்டால் எவ்வளவு கிட்டத்தில் பந்து வரும் என்று புரியும். ஒன்பது இன்னிங்ஸ் கிடையாது, ஆறுதான். 1947ல் முதல் தொடர். இப்போது ஒவ்வொரு ஆகஸ்டிலும் அமெரிக்காவிலிருந்து பத்து அணி, வெளிநாடுகளிலிருந்து பத்து அணி வருகின்றன. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடி, ஜெயித்த இரண்டும் இறுதியில் மோதும். நுழைவுக் கட்டணம் கிடையாது, இலவசம். மைதானத்துக்குப் பின்னால் ஒரு புல்மேடு உண்டு. ஆட்டத்தைப் பார்க்க வந்த சின்னப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பாக்கு மட்டையில் சறுக்கியதுதான், மட்டைக்குப் பதில் அட்டை.

நான் தேடிப் போனது இதையெல்லாம் இல்லை. ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை பந்து எறியலாம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பதைத்தான். சொல்லியிருக்கிறார்கள். முன்பு இத்தனை இன்னிங்ஸ் என்று கணக்கு வைத்தவர்கள், 2007லிருந்து பந்துக் கணக்குக்கு மாறிவிட்டார்கள். 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. 85ஐத் தொடும்போது எதிரில் இருக்கும் பேட்டரை மட்டும் முடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். ஓய்வுக்கும் கணக்கு உண்டு: 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நாலு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். அதற்குக் கீழே என்றால் மறுநாளே எறியலாம். இன்னொரு விதியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 41 பந்து அல்லது அதற்கு மேல் எறிந்த பிள்ளையை அன்றைக்குக் கேட்சராக உட்கார வைக்கக்கூடாது. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிய வேண்டுமே.

உலகக் கோப்பை மாதிரி டிவியில் வருகிற ஆட்டத்திலேயே இந்தக் கணக்கை மீற முடியாது. திரையின் ஓரத்தில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நன்றாக எறிகிற பையனை, ஜெயிக்கிற நேரத்தில், எண் வந்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். அணியில் பெயர் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் பேட் பிடிக்க வாய்ப்பு தந்தே ஆக வேண்டும் என்பதும் விதி.

ஆறு வாரம் முடிந்து, மெல்ல மெல்ல எறிய ஆரம்பித்த பிறகு, மே மாதம் ஏற்காட்டில் ஒரு நட்பு ஆட்டம். எண்ணுவது என் வேலை என்று நானே சொல்லிக்கொண்டேன். பயிற்சியாளர் "இது என்ன அமெரிக்காவாங்க?" என்று சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை. எதை வைத்து எண்ணுவது? விரலில் மோதிரம் மாதிரி மாட்டி ஜெபம் எண்ணுகிற சின்னக் கருவி அம்மாவிடம் இருந்தது. சாமி மாடத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் வேனில் மூன்று பேர் வாந்தி. மேலே ஒரு பள்ளி மைதானம், சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். அமெரிக்காவின் டென்வர் நகரமும் 1,600 மீட்டர்தான், அங்கே காற்று லேசு என்பதால் அடித்த பந்து அதிக தூரம் போகும், வளைத்து எறிகிற பந்து சரியாக வளையாது என்று பெரிய அணிகளே புலம்பும். அதை அன்று கண்ணால் பார்த்தேன். கீழே சேலத்தில் கையில் விழுந்திருக்க வேண்டிய பந்து மேலே வேலியைத் தாண்டியது. மூன்றாவது இன்னிங்ஸில் மூட்டம் இறங்கி, தூரத்தில் நின்ற ஃபீல்டர்கள் மூன்று பேரும் காணாமல் போனார்கள். கால் மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய் ஃபவுல் ஆனாலும் பந்து பந்துதான், எண்ண வேண்டும். ஆரம்பத்தில் எறிந்து பார்ப்பது கணக்கில்லை. 60ஐத் தாண்டியதும் பையன் ஒவ்வொரு பந்துக்கும் என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். 65ல் நான் கை காட்டினேன். பயிற்சியாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இறக்கினார். அதற்கு அப்புறம் எங்கள் பக்கம் நாலு ரன் கொடுத்துத் தோற்றோம். வேனில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை.

வீட்டிலும் பேச்சில்லை, அது வேறு காரணம். அந்தக் கருவியில் ஏற்கெனவே 41 ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. மைதானத்தில் எண்ணத் தொடங்கும்போது நான் பூஜ்ஜியமாக்கிவிட்டேன். லட்சம் முருகா சொல்வதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாராம். எதற்காக என்று அக்காதான் சொன்னாள், பேரன் கை சரியாகத்தான்.

"65னு காட்டுதேடா, மீதி எங்க?" என்று மட்டும் அம்மா கேட்டார். இரண்டு நாள் கழித்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நம் பிள்ளைகள் ஆட முடியுமா? விதியில் தடை இல்லை. ஆனால் பலரும் நினைப்பதுபோல் இது இந்தியா, ஜப்பான் என்று நாட்டு அணிகள் ஆடுகிற போட்டி கிடையாது. ஊர் அணிகள் ஆடுவது. ஒரு ஊரில் லிட்டில் லீக்கில் பதிவுசெய்த உள்ளூர் லீக் நடக்க வேண்டும், அதற்கு எல்லை வரைந்திருக்க வேண்டும், அந்த எல்லைக்குள் வசிக்கிற அல்லது படிக்கிற பிள்ளைகளிலிருந்துதான் அணி எடுக்க வேண்டும். அம்மாபேட்டை லீக் என்றால் ஓமலூர்ப் பையனைச் சேர்க்க முடியாது. 1992ல் பிலிப்பைன்ஸின் சாம்போவாங்கா அணி கோப்பையை ஜெயித்த பிறகு பறிகொடுத்ததற்கு வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்த்ததும் ஒரு காரணம். வயது மோசடியும் நடந்திருக்கிறது. 2001ல் நியூயார்க்கின் பிராங்ஸ் அணியில் எல்லாரையும் அசத்திய பிட்சருக்கு வயது 12 இல்லை, 14 என்று தெரிந்து, அந்த அணியின் வெற்றிகளையே ரத்து செய்தார்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்துகிற வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

அப்படி ஒரு லீக் அமைந்தாலும் நாம் ஆட வேண்டியது ஆசிய பசிபிக் பகுதியில். அங்கே கொரியாவும் தைவானும் உட்கார்ந்திருக்கின்றன. தைவானில் 500 டாலர் நோட்டிலேயே பேஸ்பால் ஆடும் பள்ளிப் பிள்ளைகளின் படம்தான் இருக்கும். 1969ல் முதல் தடவை ஜெயித்து, 1996க்குள் 17 முறை வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே 1968ல், ஹோங்யே என்ற மலைக்கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஜப்பானிலிருந்து வந்த அணியைத் தோற்கடித்ததிலிருந்துதான். கம்பும் கல்லும் வைத்துப் பழகிய பிள்ளைகள் என்று கதை. அதிலும் வேறு பிள்ளைகளின் பெயரில் சிலரை இறக்கியது பின்னால் வெளியே வந்தது என்பது தனிக்கதை.

ஊர் சின்னது என்பது காரணமாகாது. 2023 இறுதியாட்டத்தில் கலிபோர்னியாவின் எல் செகுண்டோவிடம் 5-6 என்று கடைசி அடியில் தோற்றது குராசாவ். அந்தத் தீவில் ஒன்றரை லட்சம் பேர்தான், நம் சேலம் மாநகராட்சியில் ஒரு மண்டலத்தளவு. கை இல்லை என்றும் சொல்ல முடியாது. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் எறிந்த நடராஜன் ஆஸ்திரேலியா வரைக்கும் போனார். நம்மிடம் இல்லாதது, சனி ஞாயிறு சம்பளம் வாங்காமல் அம்பயராக நிற்கிற, கோடு போடுகிற, எண்ணுகிற இருபது முப்பது பெற்றோர்கள். அங்கே லீக் நடப்பது அவர்களால்தான்.

நாட்டுக்காக ஆடுகிற வழி வேறு. உலக பேஸ்பால் அமைப்பு 12, 15, 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனித்தனி உலகக் கோப்பை நடத்துகிறது. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பேஸ்பால் உண்டு, மாவட்டம், மாநிலம் என்று அதில் ஏறித்தான் தேசிய அணிவரை போக முடியும். உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால் இப்போதைக்குப் பிடிக்க வேண்டியது பள்ளி பி.டி. சாரைத்தான்.

எங்கள் பையனுக்கு லிட்டில் லீக் வயது தாண்டிவிட்டது. 2025 இறுதியாட்டத்தை விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்னால், நள்ளிரவு பன்னிரண்டரைக்கு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்து நானும் அவனும் பார்த்தோம். முந்தின வருடம் 1-2 என்று இறுதியில் தோற்ற தைவான், நெவாடா அணியை 7-0 என்று அடித்துப் பதினெட்டாவது கோப்பையை வாங்கியது. பையன் ஆட்டத்தைவிட ஓரத்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இப்போது 95 பந்து வரை போகலாம். எண்ணுவது நான்தான், ஆனால் அம்மாவின் கருவியைத் தொடுவதில்லை. சின்னக்கடை வீதியில் பூஜை சாமான் கடையில் தனியாக ஒன்று வாங்கிவிட்டேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே "எந்த சாமிக்குங்க?" என்றார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. முருகனுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.