வயலின் கலைஞரின் டிரங்குப் பெட்டி: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

கேள்வி: என் தந்தை 30 ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் திரைப்பட இசைக்குழுக்களில் வயலின் வாசித்தவர். தனியாகச் சில இசைக்கோவைகளும் எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு காலமானார். 2 டிரங்குப் பெட்டிகள் நிறைய நொட்டேஷன் (இசைக்குறிப்பு) தாள்கள், பாக்கெட் டைரிகள், கடிதங்கள், கேசட்டுகள், ஸ்பூல் டேப்புகள் இருக்கின்றன. நாங்கள் சிறிய வீட்டுக்குக் குடிபோகிறோம். அவர் எழுதிய முழு ஸ்கோர்களை மட்டும் லேமினேட் செய்துகொண்டு, மற்றவற்றைக் கழித்துவிடலாமா? தம்பிக்கு ஒரு பெட்டி, எனக்கு ஒரு பெட்டி என்று பிரித்துக்கொள்ளலாமா? ஒரு தாளின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பழைய பேப்பர்காரரைத் தயவுசெய்து கூப்பிட்டுவிடாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. தாளும் அதனோடு போகும். கிழிசல்களுக்கு செலோடேப் ஒட்டுவதும் இதே கதைதான். அதன் பசை பழுப்பேறி மையையும் கறைப்படுத்திவிடும்.

நீங்கள் அனுப்பிய தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஸ்கோர் அல்ல, இரண்டாம் வயலினுக்கான ‘பார்ட்’. எல்லா வாத்தியங்களின் இசையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் முழுப் பிரதிதான் ஸ்கோர். ஒரு வாத்தியத்துக்கு உரியதை மட்டும் தனியே எழுதிய தாள் பார்ட். அச்சுப்போன்ற கையெழுத்து, நகல் எடுப்பவருடையதாக இருக்கலாம். பென்சில் குறிகள்தான் உங்கள் தந்தையுடையவை. சுரங்களுக்கு மேல், அடிப்பக்கம் திறந்த சிறு சதுரம் வந்தால் வில்லைக் கீழே இழுக்க வேண்டும். மேல்நோக்கி விரியும் கூம்பு வந்தால் மேலே தள்ள வேண்டும். ஓரிடத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு மூக்குக் கண்ணாடி வரைந்திருக்கிறார் பாருங்கள். அது பொழுதுபோக்காக வரைந்ததல்ல. ‘இங்கே தாளைப் பார்க்காதே, கண்டக்டரை (இசைக்குழுவைக் கையசைத்து நடத்துபவரை) பார்’ என்று ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்கள் தங்களுக்கே எழுதிக்கொள்ளும் நினைவுக்குறிப்பு அது. அன்றைக்கு அந்த இடத்தில் தாளகதி மாறியிருக்க வேண்டும். ஸ்கோரில் இது இருக்காது. அழிப்பான் எதுவும் இந்தத் தாள்களின் அருகே போகக் கூடாது.

பார்ட்டுகள் உதிரித்தாள்கள் என்று நினைக்காதீர்கள். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மனினோவின் முதல் சிம்பொனி 1897இல் அரங்கேறித் தோற்றது. 1917இல் நாட்டைவிட்டுப் போனபோது ஸ்கோரை அங்கேயே விட்டுச் சென்றார், அது தொலைந்துபோனது. 1943இல் அவர் இறந்த பிறகு, லெனின்கிராட் இசைக்கல்லூரி நூலகத்தில் வாத்தியக்காரர்களின் பார்ட்டுகள் கிடைத்தன. அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி முழு ஸ்கோரையும் மீட்டார்கள். 1945இல் மாஸ்கோவில் அது மீண்டும் ஒலித்தது. யாராவது ‘உபரி’ என்று கழித்திருந்தால் அந்த சிம்பொனி இன்று இல்லை.

பாக்கெட் டைரிகளை நான் ஸ்கோர்களுக்கு இணையாக வைப்பேன். பழைய படங்களின் டைட்டிலிலும் இசைத்தட்டு உறையிலும் வயலின் வரிசையில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள் வருவது அபூர்வம். எந்தத் தேதியில், எந்த ஒலிப்பதிவுத் தியேட்டரில், யாருடைய ரெக்கார்டிங், என்ன சம்பளம் என்று அவர் குறித்திருந்தால், அந்தப் பாட்டில் அவர் வாசித்தார் என்பதற்கு அது ஒன்றே சான்றாக இருக்கக்கூடும். பதக்கமும் சால்வையும் காணாமல் போனால் வருத்தம்தான். டைரி போனால் வரலாறு போகும்.

பெட்டிகளைப் பிரிக்காதீர்கள். 1750இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் இறந்ததும் அவருடைய கையெழுத்துப் படிகளை வாரிசுகள் பங்கிட்டுக்கொண்டார்கள். மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேலின் பங்கு பெரும்பாலும் பிழைத்தது. மூத்தவர் வில்ஹெல்ம் ஃப்ரீடெமான் பணமுடையில் விற்க, அவருடைய பங்கில் நிறையச் சிதறிப்போனது. வரிசையையும் கலைக்காதீர்கள். ஒரு பார்ட்டுக்குள் ஒரு கடிதம் செருகியிருந்தால் அதற்குக் காரணம் இருந்திருக்கும். எதையும் எடுக்கும் முன், பெட்டியைத் திறந்தபடியே செல்பேசியில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் எண் கொடுத்து, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

துருப்பிடித்த ஜெம் கிளிப்பையும் ஸ்டேப்பிள் பின்னையும் பொறுமையாகக் கழற்றுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம். அமிலமற்ற காகித உறை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பரணில் வெயிலின் சூடு இறங்கும், வெளிச்சுவரை ஒட்டினால் மழைக்கால ஈரம் ஏறும். எனவே உள்ளறையில், தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து ராமபாணப் பூச்சியும் கரையானும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்கேன் எடுப்பதானால் கறுப்பு வெள்ளை வேண்டாம், வண்ணத்தில் எடுங்கள். அந்தச் சிவப்புப் பென்சில் தெரிய வேண்டும்.

ஸ்பூல் டேப்பை வீட்டிலுள்ள பழைய கருவியில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சில பழைய டேப்புகளில் பசை இளகி, ஓடும்போதே காந்தப்பூச்சு உரிந்து வந்துவிடும். வினிகர் வாடை அடித்தால் மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, ஒலிப்பதிவு மீட்பில் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் 2 சிறு பிளாஸ்டிக் மடிப்புகளை உடைத்துவிட்டால், தவறி யாரும் அதன்மேல் பதிவு செய்துவிட முடியாது.

எங்கே கொடுப்பது? சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை முதலில் அணுகுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்தவற்றிலிருந்து பிறந்த நூலகம் அது. ஒலிப்பதிவுகளுக்கு, குருகிராமில் அமெரிக்கன் இந்தியவியல் நிறுவனம் நடத்தும் இன இசையியல் ஆவணக் காப்பகத்தையும் கேட்கலாம். உங்கள் பட்டியல் நோட்டின் நகலை முதலில் அனுப்பினால் அவர்கள் முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

கொடுக்கும்போது எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். தாளைக் கொடுத்தால் காப்புரிமையும் போய்விடாது. தந்தை சொந்தமாக எழுதிய இசைக்கு இந்தியச் சட்டப்படி அவர் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. வேறு ஏற்பாடு செய்யாதிருந்தால் அது வாரிசுகளுக்கு வரும். திரைப்படப் பார்ட்டுகளில் இருக்கும் இசை அவருடையதல்ல, அதன் உரிமை வேறிடத்தில் இருக்கும். ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

பெட்டிகளில் புகைப்படங்கள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் அவசரம் உண்டு. தந்தையுடன் வாசித்தவர்களில் இன்று இருப்பவர்களிடம் எடுத்துச் சென்று, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர்களைப் படத்தின் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் முகங்களில் தெரியும்.