மெழுகுவர்த்தி அணைந்த பிறகு ஏறும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். சென்ற வாரம் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடிக் காட்டினேன். சுடர் அணைந்தது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று கையேட்டில் உள்ளபடி சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எரியும்போது தண்ணீர் ஏறவே இல்லையே, அணைந்த பிறகுதானே ஏறியது?" என்றாள். மறுபடி செய்து பார்த்தோம். அவள் சொன்னபடியே நடந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "சின்னப் பிள்ளைகளுக்கு இந்த அளவு போதும், குழப்ப வேண்டாம்" என்கிறார் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர். தேர்வில் கையேட்டு விடையைத்தானே எழுத வேண்டும்? என்ன செய்வது?

(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி கண்டது சரி, கையேடு சொல்வது தவறு. இதை வகுப்பில் தயங்காமல் சொல்லிவிடுங்கள். இந்தத் தவறான விளக்கம் பல நாட்டுப் பாடநூல்களிலும் நெடுங்காலமாக இருந்துவருகிறது.

நடப்பது இதுதான். டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரின் சூட்டில் உள்ளே உள்ள காற்று விரிகிறது. அதில் ஒரு பகுதி விளிம்பு வழியே வெளியேறுகிறது. கூர்ந்து பார்த்தால் சில சமயம் தண்ணீரில் குமிழிகள் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், எரிய எரியத் தண்ணீர் சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டுமே!

ஆக்சிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை. காற்றில் 21 விழுக்காடு உள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். எரிவதால் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. நீராவி கண்ணாடியில் துளிகளாகப் படிந்துவிடும். ஆனால் செலவான ஆக்சிஜனின் இடத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிவிடுகிறது. எரிதலால் மட்டும் காலியாகும் இடம் நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. இந்தக் கணக்கு உங்களுக்காக. வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது வேறு. கையேட்டின் காரணமும் மாணவியின் சந்தேகமும் எந்த இடத்தில் மோதுகின்றனவோ, அங்கே ஒரு சோதனையை வையுங்கள். அதே டம்ளர், முதலில் ஒரு மெழுகுவர்த்தி, அடுத்து மூன்று. பற்றவைப்பதற்கு முன், இரண்டாம் முறை தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் இரண்டு முறையும் ஒரே அளவுதான். அதுதான் காரணம் என்றால் தண்ணீரும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஆனால் மூன்று மெழுகுவர்த்திக்குக் கூடுதலாக ஏறும், ஏனென்றால் சூடு கூடுதல். நெருப்பு மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

முன்கூட்டி எழுத வைப்பதை எக்காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். எழுதாத பிள்ளை, முடிவைப் பார்த்ததும் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று நம்பத் தொடங்கிவிடும். எழுதியது நோட்டில் இருந்தால், தான் நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை அது தன் கண்ணாலேயே பார்க்கும். தொடக்கப் பள்ளியில் அறிவியல் என்று நான் கருதுவது பெரும்பாலும் இதைத்தான். பிறகு, காலி பாட்டிலின் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் நிறுத்துங்கள், அடுத்து குளிர்ந்த நீரில். பலூன் எழும், தளரும். காற்று விரிவதும் சுருங்குவதும் அதில் நேராகத் தெரிந்துவிடும்.

உங்கள் சக ஆசிரியரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சூடானால் காற்று விரியும், ஆறினால் சுருங்கும். பத்து வயதுப் பிள்ளையைக் குழப்ப இதில் என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அச்சில் இருப்பதை நம்பு என்று சொன்னால்தான் அவள் குழம்புவாள். இன்னும் இரண்டு முறை அப்படி நடந்தால் பார்ப்பதையே நிறுத்திவிடுவாள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆய்வகம் இல்லை, கருவி இல்லை என்கிறோம். இருந்தும் இவ்வளவு நன்றாகப் பார்க்கும் ஒரு பிள்ளையைப் "போதும்" என்று உட்கார வைப்போமா?

பதில் தெரியவில்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972இல் 16 அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கானது என்றாலும், நமக்கு அதில் கற்க நிறைய உண்டு. பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்து தாங்களே விடை எழுதினார்கள். பாடநூலில் கேள்விகள்தான் இருந்தன. தேர்வுக்கு அந்தப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோகலாம். 'சவாலிராம்' என்ற கற்பனைப் பெயருக்குப் பிள்ளைகள் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்புவார்கள்; விவரம் அறிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் விடை ஆசிரியரிடம் இருந்தாக வேண்டும் என்ற சுமையை அந்தத் திட்டம் இறக்கிவைத்தது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது நம் கல்விக்குப் பெரிய இழப்பு.

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எரிவதற்கு ஆக்சிஜன் தேவை, அது குறைந்ததால் சுடர் அணைந்தது: இதைப் பிள்ளைகள் தாராளமாக எழுதலாம், உண்மைதான். தண்ணீர் ஏறியதற்கான காரணத்தை மட்டும் திருத்திக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்பு விடைத்தாளைத் திருத்துவது பெரும்பாலும் நீங்கள்தானே?

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதைக் காட்ட வேறு வழி இருக்கிறது. லேத் பட்டறையில் இரும்புச் சீவல் வாங்கி, எண்ணெய் போக சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு ஓர் உயரமான கண்ணாடிக் குழாயின் அடியில் அடைத்து, தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு வேறு வாயு எதுவும் வராது. சில நாட்களில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏறி நிற்கும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு ஆகாது, துருப்பிடிக்காது. மணலில் காந்தத்தை ஓட்டிப் பிள்ளைகள் சேர்த்துவரும் கறுப்புத் தூளும் வேண்டாம். அது பெரும்பாலும் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட இரும்பு.