விரல், கணக்கு, சைகை – கடிதம்

ஐயா, வணக்கம்.

போன மாதம் மகளோடு கொங்கணாபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். வியாபாரியும் வாங்க வந்தவரும் கைகளின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசி முடித்தார்கள். கணக்கும் சைகை மொழியும் ஒரே இடத்திலிருந்து வந்தவையா? காது கேளாதோர் பேசுவதும் இந்த மாதிரிக் குறிப்புகளின் பெருக்கம்தானா? இன்னொன்று. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் விரல் விட்டுத்தான் கூட்டுகிறாள். பள்ளியில் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

ர., எடப்பாடி

அன்புள்ள ர.,

ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஐந்நூறா ஐயாயிரமா என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக்கூடாது, அதற்குத்தான் துண்டு. ஆனால் 'இது நேற்றிலிருந்து தீனி எடுக்கலையாமே' என்று கேட்க வேண்டுமானால் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். துண்டுக்குள் எண் உண்டு, மொழி கிடையாது.

மொழி எப்படியிருக்கும் என்பதைச் சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். காது கேளாத நண்பர்கள் இருவர், ஒருவர் பஸ்ஸுக்குள், மற்றவர் கீழே. கண்ணாடியை இழுத்து மூடிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. அங்கே இல்லாத மூன்றாம் ஆள் ஒருவரைக் கீழே நின்றவர் தன் இடப்பக்கம் காற்றில் நிறுத்தினார். அப்புறம் அந்தப் பக்கம் விரலைக் காட்டினாலே அவரைப் பற்றித்தான் பேச்சு. இந்தியச் சைகை மொழியில் எங்கே, ஏன் போன்ற கேள்விச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வரும். அந்த இலக்கணம் தமிழிடமிருந்தோ இந்தியிடமிருந்தோ வாங்கியதில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் ஆங்கிலம் பேசும் நாடுகள், ஆனால் ஒன்றின் சைகை மொழி மற்றதற்குப் புரியாது. அமெரிக்கச் சைகை மொழிக்குச் சொந்தம் பிரான்சில்தான். 1817இல் அமெரிக்காவில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர், பாரிசில் படித்த காது கேளாதவரான லொரான் கிளேர்.

இனி பூர்வீகம். காங்கோவில் இஷாங்கோ என்ற இடத்தில் 1950இல் ஓர் எலும்பு கிடைத்தது. வயது சுமார் 20,000 ஆண்டு. மேலே வரிசை வரிசையாகக் கீறல்கள். ஒரு வரிசையில் 11, 13, 17, 19 என்று வருவதால் அன்றே பகா எண் தெரிந்திருந்தது என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது. பால்காரர் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போடுகிறோமே, அந்த ரகமாகவே இருந்திருக்கலாம். இன்றைய இராக்கில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த சுமேரியரிடம் வந்தால் ஊகம் குறைகிறது. ஆட்டுக்கும் தானியத்துக்கும் கணக்காகச் சிறு களிமண் வில்லைகளை ஒரு களிமண் உருண்டைக்குள் வைத்து மூடினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய, வில்லையை மேலேயும் அழுத்திப் பதித்தார்கள். மேலேயே பதிவு இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு? எழுத்து பிறந்தது இந்தக் கணக்குப்பிள்ளை வேலையில்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

சைகைக்கு இப்படித் தடயம் கிடைக்காது. கை அசைந்து முடிந்ததும் போயிற்று. காது கேளாதோர் கையாலும் தலையாலும் உடலாலும் பேசுவதைப் பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் குறிப்பிடுகிறார், அதுவும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல.

நீங்கள் கேட்ட 'ஒரே இடம்' ஐரோப்பிய மடங்களில் ஓரளவு அகப்படுகிறது. 725இல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, ஈஸ்டர் தேதியைக் கணிக்கும் நூலின் தொடக்கத்தில், இரு கைகளில் 9,999 வரை காட்டும் முறையை எழுதி வைத்தார். ஒன்றும் பத்தும் இடக்கையில், நூறும் ஆயிரமும் வலக்கையில். கூடவே, எண்ணுக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டால் ரகசியமாகச் சேதி சொல்லலாம் என்றும் சேர்த்தார். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் காது கேளாத பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரும் ஒரு துறவிதான், பெட்ரோ பொன்சே. 1620இல் ஹுவான் பாப்லோ போனெட் கையெழுத்துக்களைப் படம் போட்டு அச்சிட்டார். கையெழுத்துக்கள் என்றால் இங்கே விரலால் காட்டும் அ, ஆ. ஆனால் அது எழுத்துக்கூட்டுவது மட்டும்தான். காது கேளாதோரின் சொந்தச் சைகைகள் அதற்கு முன்பே வீட்டிலும் தெருவிலும் இருந்தன. பாரிசில் 1760 வாக்கில் பள்ளி தொடங்கிய லெப்பே பாதிரியார் அவற்றை அவர்களிடமிருந்துதான் கற்றார்.

எனக்கு முக்கியமாகப் படுவது மத்திய அமெரிக்க நாடான நிகரகுவா. 1970களின் கடைசியிலிருந்து தலைநகர்ப் பள்ளியில் ஒன்றுசேர்ந்த காது கேளாத பிள்ளைகள், யாரும் கற்றுத்தராமலே ஒரு மொழியை உருவாக்கிவிட்டார்கள். அதே நாட்டில், அப்படிச் சேரும் வாய்ப்பே கிடைக்காமல், குடும்பத்துக்குள் வீட்டுச் சைகையோடு வளர்ந்த நான்கு பெரியவர்களை ஆராய்ந்த முடிவு 2011இல் வெளிவந்தது. வேலைக்குப் போகிறவர்கள், காசைக் கையாளுகிறவர்கள். பொருள்களின் எண்ணிக்கையை விரலில் காட்டச் சொன்னால் மூன்று வரை சரி. அதற்கு மேல் ஏறத்தாழத்தான். பத்து விரல் இருந்தும், ஒன்று இரண்டு மூன்று என்ற வரிசையை யாரும் அவர்களிடம் கொடுக்கவில்லை. ஆக, கணக்குக்கும் சைகை மொழிக்கும் கை பொதுதான், ஆனால் கை மட்டும் போதவில்லை. நாலு பேர் கூடிப் புழங்க வேண்டியிருந்தது.

உங்கள் மகளுக்கு அந்த வரிசை கிடைத்துவிட்டது. அதை விரலில் சரிபார்க்கிறாள், பார்க்கட்டும். கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணவும் சொல்லிக்கொடுங்கள். ஒரு கையில் பன்னிரண்டு; அந்தப் பன்னிரண்டுகளை மறு கையின் ஐந்து விரல்களில் எண்ணினால் அறுபது. சுமேரியர் அறுபது அறுபதாகக் கணக்கிட்டது இப்படி வந்தது என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆனால் இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாடத்துக்கு இந்த முறை தாராளமாகப் போதும்.