டிரஸ்ட் ஸ்காலர்ஷிப்: எப்போது, எப்படிக் கேட்பது?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறோம், கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் ஆறாவதிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்து ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், பி.காம். சேர வேண்டும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு டிரஸ்ட்டில் ஃபீஸ் கட்டுவார்களாமே, எப்படிக் கேட்பது?

பதில்: கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் முதலில் எந்த சீட் என்று பாருங்கள். சென்னையில் பல கல்லூரிகளில் அதே பி.காம். எய்டட்டிலும் (அரசு உதவி பெறுவது) இருக்கும், செல்ஃப் ஃபைனான்ஸிலும் (அரசு உதவி இல்லாமல் ஃபீஸிலேயே நடத்துவது) இருக்கும். பட்டம் ஒன்றுதான், ஃபீஸ்தான் எங்கேயோ போய் நிற்கும். எய்டட் கிடைத்தால் ஒரு டிரஸ்ட் கொடுப்பதே பெரும்பாலும் போதும், செல்ஃப் என்றால் நாலு இடம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்துக்கும் ரிசல்ட் வந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள், அவகாசம் குறைவு.

அப்புறம் டிரஸ்ட். பல இடங்களில் பணத்தை உங்கள் கையில் தர மாட்டார்கள், கல்லூரி பெயருக்கே செக் போடுவார்கள். அதனால் அங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றோடு, டியூஷன், பரீட்சை, பஸ் என்று ஃபீஸைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கடிதம் ஒன்றையும் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் இப்போதே போடுங்கள், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரச் சில நாளாகும். ஜகாத் நிதியிலிருந்து கொடுப்பவர்கள் மஹல்லா ஜமாஅத் (உங்கள் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகம்) கடிதமும் கேட்கலாம்.

நல்ல மார்க் இருந்தும் விண்ணப்பம் தூங்குவது பெயரால்தான். ஆதாரில் 'ஆயிஷா பீ', மார்க் ஷீட்டில் 'எம். ஆயிஷா', பாஸ்புக்கில் வேறொன்று என்றிருந்தால் சரிபார்ப்பவர் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார், உங்களுக்குச் சொல்லக்கூட மாட்டார். ஆதாரையும் பாஸ்புக்கையும் மார்க் ஷீட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.

மைனாரிட்டி டிரஸ்ட்டுகளோடு நிற்காதீர்கள். அகரம் மாதிரி மதம் பார்க்காமல் வறுமையைப் பார்க்கும் அறக்கட்டளைகளும் இருக்கின்றன. ஆறாவதிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்ததால், உங்கள் மகளுக்குத் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு, கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம், வேறு உதவித்தொகை வாங்கினாலும் அது நிற்காது. மத்திய அரசின் மைனாரிட்டி ஸ்காலர்ஷிப்பை மட்டும், நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் இந்த வருடம் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கணக்கில் சேருங்கள். வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல் பலதும் பழசு.

ஒரிஜினல் டிசியை எந்த டிரஸ்ட்டிலும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். விண்ணப்பத்துக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் வருடப் பணம் தானாக வராது, ரினியூவல் போட வேண்டும். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தாலும் மறைக்காமல் மார்க் ஷீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நேரில் வந்து சொல்லும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இன்னொரு செமஸ்டர் டைம் கொடுப்பார்கள்.